பழகிடுச்சு

குரங்குகளுக்கு வாழைப்பழம் அவ்வளவு நல்லதில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நீங்களும் இப்போது புருவத்தை உயர்த்தினீர்கள் ஐயா, பார்த்தேன். கடைப் பழத்தில் இனிப்பு அதிகம். பல் கெடும், வயிறு கெடும். கீரை, பச்சைக் காய்கறி, ஊறவைத்த பயறு, எப்போதாவது வேகவைத்த முட்டை, இவைதான் நாங்கள் கொடுப்பது. ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கம்பிக்குள் பழத்தை வீசிவிட்டு, ஏதோ பெரிய தர்மம் செய்துவிட்ட முகத்தோடு போவார்கள். அன்பு என்று நினைத்துக்கொண்டு கெடுதல் செய்கிறோமே என்று ஒருவருக்கும் தோன்றாது. அதையெல்லாம் பொறுக்கி எடுக்கிற வேலை எங்கள் தலையில் விழும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், என்னைப் பற்றி வெளியே கண்டபடி பேசுகிறார்களாம். நான் என் தங்கையைப் பட்டினி போட்டேன் என்றுகூட ஒருவர் சொன்னாராம். சாப்பாட்டில் நான் ஒரு வேளைகூடக் குறை வைத்ததில்லை. எழுதிக்கொள்கிற தம்பியிடம் அதை முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள்.

என் வேலை மிருகக்காட்சிசாலையின் பின்பக்கம். மருந்து அறைக்கும் தீனி அறைக்கும் நடுவில் வரிசையாகத் தனிக்கூண்டுகள் இருக்கும். புதிதாக வருகிற குரங்குகளைக் கொஞ்ச நாள் அங்கே தனியாக வைத்திருப்போம். நோய்நொடி எதுவும் மற்றவற்றுக்குத் தொற்றிவிடக் கூடாதல்லவா. அந்தக் கூண்டுகள் முழுக்க என் பொறுப்பு. முன்பக்கம் பெயர்ப்பலகை, புல்வெளி, குழந்தைகள், பலூன் எல்லாம் உண்டு. பின்பக்கம் சிமெண்டுத் தரை, தண்ணீர்க் குழாய், நான்.

எந்தக் குரங்காக இருந்தாலும் வரிசை ஒன்றுதான். முதலில் கத்தும். பிறகு கம்பியைப் பிடித்து உலுக்கும். பிறகு தட்டைத் தள்ளிவிடும். சாப்பிடாத அந்தக் கட்டம்தான் ஆபத்து, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்போம். அதற்கப்புறம் மூலையில் போய் முதுகைக் காட்டி உட்காரும். அப்படியே உட்கார்ந்திருக்கும். பிறகு ஒரு காலையில் நான் தட்டோடு போகும்போது எழுந்து நடந்துகொண்டிருக்கும். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு. சுவர் வந்ததும் தலையை மேலாக ஒரு சுழற்று சுழற்றித் திரும்பும். மறுபடி இந்தச் சுவர். காலை வைத்த இடத்திலேயே கால் வைக்கும், ஒரு விரல்கடை பிசகாது. நாள் முழுக்க நடக்கும். தட்டை வைத்தால் சாப்பிட்டுவிட்டு மறுபடி நடக்கும்.

என்னோடு வேலை பார்க்கிறவன் ஒருவன் இருக்கிறான். கண்ணாடி அத்தனை தடிமன் என்பதால் சோடாபுட்டி என்போம். அவன் முற்றத்துக்கு அந்தப் பக்கம் நின்று குரல் கொடுப்பான்.

"என்னண்ணே, பழகிடுச்சா?"

"பழகிடுச்சுடா."

உடனே டீ சொல்லுவான். எங்களிடம் அது ஒரு வழக்கம். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தால்தான் குரங்கு முன்பக்கம் போகும். அங்கே ஜனங்கள் அது நடப்பதைப் பார்த்து "டான்ஸ் ஆடுது பாரு" என்று கைதட்டுவார்கள். மற்ற ஆட்களால் ஆகாத பிடிவாதக் குரங்குகளை என்னிடம் தள்ளிவிடுவார்கள். நான் குச்சியை எடுத்ததில்லை. குரல் உயர்த்தியதில்லை. காத்திருப்பேன், அவ்வளவுதான். காத்திருக்கத் தெரிந்தவனுக்கு எதுவும் அடங்கும் என்பது என் அனுபவம். மகாராணி என்று ஒருத்தி வந்தாள். காட்டிலேயே வளர்ந்து பெரியவளான பிறகு பிடிபட்டவள். மேலதிகாரியின் சட்டையைக் கிழித்தவள். அவளும் என்னிடம் பழகினாள்.

இனி தங்கையைப் பற்றிச் சொல்கிறேன்.

வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். எத்தனை வயதானாலும் கடைக்குட்டி பாப்பாதானே. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். தலை பின்னக் கற்றுக்கொண்டேன், சட்டைக்குப் பட்டன் தைக்கக் கற்றுக்கொண்டேன். எனக்குப் பெண் பார்த்த இடத்தில், "தங்கச்சியை எங்கே விடுவீங்க?" என்று கேட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இரண்டே பேர், ஒருவருக்கு ஒருவர் என்று இருந்தோம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. கைதேர்ந்தவள். அவளுக்கே பார்வை மட்டம்தான், கண்ணாடியைக் கழற்றினால் கை எட்டுகிற தூரத்துக்கு அப்பால் எல்லாம் புகை. ஆனால் வாய் மட்டும் ஊருக்கு முந்தி. நான் வேலை முடிந்து வந்தால், "கையைக் கழுவிட்டு வா அண்ணா, உன் சொந்தக்காரங்க வாசனை வருது" என்பாள். சிரித்தால் தெருமுனைவரை கேட்கும். சத்தம் எனக்கு ஆகாது. இருந்தாலும் அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து சொன்னாள்.

"அண்ணா, வேற ஊர்ல புதுசா கடை திறக்கிறாங்க. என்னையே பொறுப்பா இருக்கச் சொல்லிட்டாங்க. ரூம்கூட அவங்களே பார்த்துத் தர்றாங்களாம்."

"தனியா எப்படி இருப்ப?"

"நான் இருந்துடுவேன். உன்னை நினைச்சாத்தான் கவலையா இருக்கு."

சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் பயந்துபோனேன் ஐயா, அதை ஒளிக்க மாட்டேன். வெளியூர், தெரியாத மனிதர்கள், பார்வை வேறு மட்டம். அவளுக்கு என்ன ஆகும் என்றுதான் பயந்தேன். எனக்கு என்ன ஆகும் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை.

கிளம்ப வேண்டிய வாரம் வந்தது. துணி எடுத்துவைக்கப் பெட்டி தேடினாள். "மாடி அறையில இருக்கு, போய் எடுத்துக்கோ" என்றேன். பெட்டி அங்கேதான் இருந்தது, பொய் சொல்லவில்லை. அவள் போனாள். நான் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்திப் பூட்டினேன்.

அடைத்துவைத்தேன் என்று எழுத வேண்டாம். தனியாக வைத்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. தனியாக வைப்பது ஒரு நல்ல முடிவுக்காக, கொஞ்ச காலத்துக்கு. அறையோடு சேர்ந்த குளியலறை இருந்தது. மெத்தை புதிது. ஜன்னலுக்கு முன்கூட்டியே வலை அடித்திருந்தேன்.

முதலில் அவள் சிரித்தாள். "அண்ணா, கதவு மாட்டிக்கிச்சு." அப்புறம், "விளையாடாதண்ணா, கடைக்கு நேரமாச்சு." மத்தியானத்துக்கு மேல், "நான் என்னண்ணா தப்பு பண்ணேன்?" தப்பு எதுவும் அவள் செய்யவில்லையே. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "ஒண்ணுமில்லடா பாப்பா, கொஞ்ச நாள்தான்" என்றேன். எதிர்பார்த்தபடியே கத்தினாள். எங்கள் வீட்டை ஒட்டி இரும்புப் பட்டறை. அந்தத் தெருவில் யாரும் யார் பேச்சையும் காதுகொடுத்துக் கேட்டு வெகுகாலமாகிறது.

கண்ணாடிக் கடைக்காரரிடம் போய், அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, இனி வேலைக்கு வரமாட்டாள் என்றேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மா கேட்டபோது, "புது ஊர்ல வேலைக்குச் சேர்ந்துட்டா" என்றேன். இரண்டு பேரும் நம்பினார்கள். தையல்காரம்மா, "உங்க மனசுக்கு அவ நல்லா இருப்பா தம்பி" என்று வாழ்த்தினார்.

கதவின் அடிப்பலகையை அறுத்து, தட்டு போகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு வைத்தேன். கீல் சத்தம் போடாதபடி எண்ணெய் விட்டேன். சாப்பாட்டைத் தள்ளிவிட்ட நாட்களில் ஒருமுறை அவள் மூக்குக்கண்ணாடியை உடைத்து அந்தச் சில்லைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அதனால் அதையும் மாற்றுக் கண்ணாடியையும் அவளிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் பாதுகாப்புக்காகத்தான். பிறகு மூலையில் உட்கார்ந்தாள், சுவரைப் பார்த்தபடி. அந்த நாட்களில் எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு ஒரு காலையில் தட்டோடு படி ஏறும்போது அந்தச் சத்தம் கேட்டது. வெறுங்கால் சத்தம். சுவர்வரை வந்தது, நின்றது, திரும்பியது. மறுபடி வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பழகிடுச்சு" என்று வாய்விட்டே சொன்னேன். சொல்ல ஆள் யாரும் இல்லை. கீழே வந்து எனக்கு நானே டீ போட்டுக் குடித்தேன்.

அப்புறம் ஏன் திறந்துவிடவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. கூண்டில் பழகினால் முன்பக்கம் அனுப்பலாம். எங்கள் வீட்டுக்கு முன்பக்கம் ஏது? கதவைத் திறந்தால் தெரு. இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும். ஆகவே கொஞ்சம் பொறுப்போம் என்று இருந்தேன். இரண்டு மழைக்காலம் போனது.

இந்தக் காலத்தில் அவளிடம் சில மாற்றங்கள் வந்தன. நடக்கும்போது இடது கை வலது கையின் ரோமத்தைப் பிடுங்கிக்கொண்டே இருக்கும். திரும்பும்போது தலை லேசாக மேலே சுழலும். எப்போது அண்ணா என்று கூப்பிடுவதை விட்டாள் என்று எனக்கு நினைவில்லை. அதைத்தான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு நாள் கூப்பிட்டிருக்கிறாள், மறுநாள் கூப்பிடவில்லை. அந்தக் கடைசித் தடவை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அது என் மனதை அறுக்கிறது.

தம்பி இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டு, "இது குரங்கா, தங்கச்சியா?" என்று கேட்கிறார். தங்கச்சிதான் தம்பி. நான் தெளிவாகத்தானே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

போன வருஷம் எங்களுக்குப் புது டாக்டரம்மா வந்தார். சின்ன வயது, நல்ல மனசு, மரியாதை தெரிந்தவர். வந்ததும் குரங்குகள் நடப்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"அண்ணா, இது பழகினது இல்லை. மனசு தாங்காம பண்றது. வேற எதுவும் செய்ய இல்லாததால பண்றது."

நான் எதிர்த்துப் பேசவில்லை. படித்தவர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வியாதிப் பெயர் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் மேலே எழுதி, சண்டை பிடித்து, பெரிய திறந்தவெளி ஒன்றை ஏற்பாடு செய்தார். மரம், கயிறு, குளம் எல்லாம் இருந்தது. தீனியைத் தட்டில் வைக்காமல் வைக்கோலுக்குள் ஒளித்துவைக்கச் சொன்னார், தேடித் தின்னட்டும் என்று. குட்டிகளெல்லாம் ஒரே வாரத்தில் மரத்தில் தாவ ஆரம்பித்துவிட்டன. மகாராணியையும் விட்டோம். அவள் புல்வெளி நடுவில் போய் நின்றாள். பிறகு நடக்க ஆரம்பித்தாள். பழைய கூண்டின் அதே அளவு. அந்தப் பக்கம் சுவர் இல்லை, ஒன்றும் இல்லை, இருந்தும் அந்த இடம் வந்ததும் தலையைச் சுழற்றித் திரும்பினாள். சில நாட்களில் அங்கே புல் தேய்ந்து மண் தெரிந்தது. டாக்டரம்மா வேலிக்கு வெளியே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இடம் குடுத்துட்டோம் அண்ணா. ஆனா லேட்டா குடுத்துட்டோம்."

அவர் அழுதார். எனக்கோ பெரிய பாரம் இறங்கியது போல் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய் மாடிக் கதவை முழுக்கத் திறந்து வைத்தேன். படியில் உட்கார்ந்துகொண்டேன். தெருக்கதவும் திறந்துதான் இருந்தது, காற்று மேலே வரை வந்தது. பாப்பா அறை வாசற்படிவரை நடந்து வந்தாள். அவள் கால் கட்டைவிரல் நிலைப்படியைத் தொட்டது. தலையைச் சுழற்றினாள். திரும்பிப் போனாள். இருட்டும்வரை பார்த்தேன். ஒருமுறைகூட அதைத் தாண்டவில்லை. அவளை யாரும் பிடித்துவைக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அப்புறம் எழுந்து, பழக்கதோஷத்தில் பூட்டிவிட்டேன்.

என் தப்பு எங்கே நடந்தது என்றால், டாக்டரம்மாவின் வகுப்பில்தான். புதிதாகச் சேர்ந்த ஆட்களுக்கு இந்த நடைப் பழக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். நடுவில் என்னைப் பார்த்து, "அண்ணாதான் கிட்ட இருந்து பார்த்தவர். தனியா இருக்கிற பெண் குரங்குங்க என்னென்ன செய்யும்னு சொல்லுங்கண்ணா" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னை யாரும் எழுந்து நின்று பேசச் சொன்னதில்லை. நடப்பது, திரும்புவது, கையில் ரோமம் பிடுங்குவது எல்லாம் சொன்னேன். அந்த வேகத்தில், "வாய்க்குள்ளயே எண்ணிக்கிட்டு நடப்பா. சுவர் வந்தா திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிப்பா. நடுவுல தட்டு சத்தம் கேட்டா, விட்ட இடத்துல இருந்து எண்ணுவா" என்றேன்.

அறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சோடாபுட்டி, "மகாராணி கணக்குல புலிண்ணே" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போனபிறகு மெதுவாகக் கேட்டார்.

"உங்க வீட்ல யார் யார் இருக்கீங்கண்ணா?"

"தங்கச்சி இருக்கா."

"என்ன பண்றாங்க?"

அதற்கு நான் கொஞ்சம் யோசித்தேன். அந்த யோசனையே அவருக்குப் போதுமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை உங்கள் ஆட்களோடு வந்தார். சாவியை நானே எடுத்துக் கொடுத்தேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். என்னைக் கீழே நிறுத்திவைத்துவிட்டு அவர் மட்டும் முதலில் உள்ளே போனார். பேசவில்லை. தரையில் உட்கார்ந்த சத்தம் மட்டும் கேட்டது. மிரண்ட குரங்கிடம் போகும்போது அவர் அப்படித்தான் செய்வார், முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். பாப்பா நடந்துகொண்டே இருந்தாள். நான் தலையைத் தூக்கி மேலே பார்த்தபடி நின்றேன். பிறகு அந்தக் காலடி நடுவழியில் நின்றது. சுவர் வருமுன்பே நின்றது. இத்தனை காலத்தில் அங்கே அது நின்றதே இல்லை. கொஞ்ச நேரத்தில் அழுகைச் சத்தம் வந்தது. அது டாக்டரம்மாவுடையதா பாப்பாவுடையதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாப்பாவின் குரலை நான் மறந்துபோயிருந்தேன்.

இங்கே லாக்கப்பில் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. ரொம்ப அமைதியாக இருக்கிறது. மேலே நடமாட்டம் இல்லாமல் படுத்து வெகுகாலம் ஆகிவிட்டது. நேற்று தம்பியிடம் இந்தக் கட்டடத்துக்கு மாடி உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். இருந்தாலும் எனக்குக் கேட்கிறது ஐயா. சுவர்வரை வருகிறது, நிற்கிறது, திரும்பவே மாட்டேன் என்கிறது. அது திரும்புகிற சத்தத்துக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

பூட்டினேன், கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டேன், இரண்டு பேரிடம் பொய் சொன்னேன். இவ்வளவுதான் நான் செய்தது. எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நீங்கள் உள்ளே வந்ததும் சொன்னீர்களே, ஆஸ்பத்திரியில் அவள் எதையும் வாயில் வைக்கவில்லை, இப்படியே போனால் தாங்காது என்று. என்னை ஒரு தடவை அங்கே அனுப்பினால் போதும், சாப்பிட வைத்துவிட்டு வந்துவிடுவேன். அனுப்பமாட்டீர்கள், தெரியும். அப்படியானால் நர்சம்மாவிடம் நான் சொல்வதையாவது சொல்லிவிடுங்கள்.

தட்டைக் கட்டில்மேல் வைக்கக் கூடாது, தரையில் வைக்க வேண்டும். வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். முகத்தைப் பார்க்கக் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் மிரளும். பக்கத்தில் போகப் பயப்பட வேண்டாம், கடிக்காது. தட்டு வைக்கிற கையைத்தான் சில சமயம் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் விடாது, இழுக்கக் கூடாது. விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டும். வலிக்காமல் எடுக்கலாம், நான் ஒவ்வொரு தடவையும் வலிக்காமல்தான் எடுத்தேன்.